சிவராசாவின் நெஞ்சுப் படம்

வவுனியாவில் ரயிலை விட்டு இறங்கியபோது என் பெட்டியில் துணிமணியைவிடக் கம்பிகளும் மடிக்கணினிகளும்தான் அதிகம் இருந்தன. கோயம்புத்தூரில் நாங்கள் சிலர் சேர்ந்து, நெஞ்சு எக்ஸ்ரேயைப் பார்த்து நுரையீரலில் தொற்று இருக்கிறதா என்று சொல்லும் ஒரு மென்பொருளைச் செய்திருந்தோம். ஆழ்கற்றல் என்பார்கள். கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கும். ஆயிரக்கணக்கான நெஞ்சுப் படங்களைக் கணினிக்குக் காட்டி, இது காசநோய், இது நிமோனியா, இதில் ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கட்டத்தில் நாம் சொல்லாமலே அது சொல்லத் தொடங்கும். சந்தேகமான இடத்தில் சிவப்புப் பூசிக் காட்டும்.

இலங்கையின் வடக்கே, வன்னியில் ஒரு சிறிய தொண்டு அமைப்பு, எக்ஸ்ரே கருவி பொருத்திய வேன் ஒன்றை ஊர் ஊராக அனுப்பிக் காசநோய் தேடிக்கொண்டிருந்தது. படம் எடுக்க ஆள் இருந்தது. படத்தைப் படிக்க ஆள் போதவில்லை. வந்து பொருத்திக் கொடுங்கள், ஒரு வாரம் கூட இருந்து பாருங்கள் என்றார்கள். கிளம்பிவிட்டேன்.

நிலையத்துக்கு வெளியே என்னைக் கூட்டிப்போக வந்திருந்தவர் வாசுகி, அந்த வேனின் மருத்துவர். முப்பத்தைந்து வயது இருக்கும். என் பெட்டியை வாங்கிக்கொண்டே, "சாப்பிட்டிட்டீங்களோ?" என்றார். இல்லை என்றதும் பேருந்து நிலையத்தின் எதிரே ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் இழுத்துப்போனார்.

"மச்சமோ, மரக்கறியோ?" என்று கேட்டார் கடைக்காரர்.

மச்சம் என்றால் எனக்குக் கன்னத்தில் இருப்பது. விழித்தேன். வாசுகி சிரித்து, மீன், இறைச்சி எல்லாவற்றுக்கும் இங்கே அதுதான் பெயர் என்று விளக்கினார். மரக்கறி என்றேன். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, நெருப்பைப் போல ஒரு சம்பல். எங்கள் ஊரில் சாம்பார் ஊற்றும் வேகத்தில் இங்கே தேங்காய்ப்பால் ஊற்றுகிறார்கள். பசியில் எல்லாம் இறங்கியது. அந்த ஒரு வாரத்தில் நான் நிறைவாகச் சாப்பிட்ட சாப்பாடு அது ஒன்றுதான்.

மறுநாள் காலை கிளிநொச்சிப் பக்கம் ஒரு கிராமத்துப் பொதுநோக்கு மண்டபத்தின் முன்னால் வேன் நின்றது. வேனை ஓட்டியவரும் படம் எடுத்தவரும் ஒருவரே. சமிந்த என்று பெயர். அனுராதபுரத்துக்காரர். தமிழ் கொஞ்சம்தான் தெரியும். தெரிந்த கொஞ்சத்தையும் மிக மரியாதையாகப் பயன்படுத்துவார்.

கால்வாய்த் தண்ணீரை நம்பி நெல் விளைவிக்கும் ஊர் அது. பாதித் தார்ச்சாலையில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. லாரி வந்தால் நெல்லுக்காக ஒதுங்கிப் போகிறது. கோவை சாலைகளில் ஆளுக்காகக்கூட யாரும் ஒதுங்குவதில்லை.

வரிசையில் மூன்றாவதாக வந்தவர் ஒரு வயதான விவசாயி. யாழ்ப்பாணத்திலிருந்து சின்ன வயதிலேயே காணி கிடைத்து வந்தவராம். அவர் படம் திரையில் வந்ததும் கருவி பழுதாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். வலது நெஞ்சில் பளீரென்று வெள்ளைத் துணுக்குகள், உடைந்த பல்லைப் போல. எங்கள் மென்பொருள் அந்தப் பக்கம் முழுவதையும் சிவப்பாக்கியிருந்தது.

"சட்டைப் பையில ஏதாவது வச்சிருக்கீங்களா ஐயா?" என்றேன்.

அவர் வாசுகியைப் பார்த்தார். வாசுகி என்னைப் பார்த்தார்.

"சட்டை போடேல்ல மிஸ்," என்றார் பெரியவர். "அது செல் பீஸ். கடைசிச் சண்டையில வந்து குடியேறினது. இன்னும் எழும்பிப் போகேல்ல."

எறிகணையின் இரும்புத் துண்டைத்தான் அவர் அப்படிச் சொன்னார். எங்கள் கணினிக்கு நாங்கள் காட்டிய ஆயிரக்கணக்கான நெஞ்சுகளில் ஒன்றில்கூட அது கிடையாது. நாங்கள் காட்டியவை எல்லாம் இந்திய மருத்துவமனைகளிலிருந்து வந்தவை. பேஸ்மேக்கர் பார்த்திருக்கிறது, தாலிச் சங்கிலி பார்த்திருக்கிறது. இதைப் பார்த்ததில்லை.

அன்று மாலைக்குள் நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். தோளில், விலாவில், முதுகெலும்பின் ஓரத்தில், நுரையீரலுக்கு நடுவில். தையல் ஆசிரியை ஒருவருக்கு. பாடசாலைக் காவலாளிக்கு. கைக்குழந்தையாக இருந்தபோது பட்டது என்று சொன்ன கல்லூரிப் பெண்ணுக்கு. இரும்பு உள்ள ஒவ்வொரு படமும் சிவப்பாக வந்தது. விதிப்படி சிவப்பு வந்தவர்கள் எல்லோரிடமும் சளி வாங்கி நகரத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினோம். மறுநாள் முடிவு வந்தது. இரும்பு இருந்தவர்களில் ஒருவருக்கும் நோய் இல்லை.

"உங்கட மெஷின் இரும்பைக் கண்டா வெருளுது," என்றார் வாசுகி. கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார். "இப்பிடியே போனா வன்னி முழுக்கச் சிவப்புத்தான். ஆய்வுகூடத்தில சாமான் முடிஞ்சிடும். உண்மையான வருத்தக்காரருக்குப் பார்க்க ஒண்டும் இராது." வருத்தம் என்றால் இங்கே நோய்.

கோவைக்குத் தொலைபேசியில் அழைத்தேன். என்னுடன் வேலை செய்யும் பிரசன்னா எடுத்தான்.

"நெஞ்சுக்குள்ள மெட்டலா? எத்தனை பேருக்கு?" என்றான்.

"நிறைய பேருக்கு."

"டேட்டா தப்பா இருக்கும். செக் பண்ணு."

"தப்பில்ல பிரசன்னா. நான் அவங்க பக்கத்துல நின்னுட்டிருக்கேன்."

ஒரு படத்தை அனுப்பச் சொன்னான். அனுப்பினேன். பிறகு இருவரும் பேசி ஒரு வழி கண்டோம். படத்தில் மிக வெள்ளையாக, கூர்மையான ஓரத்துடன் இருக்கும் துண்டுகளை முதலில் அடையாளம் கண்டு மறைத்துவிடுவது. மிச்சப் படத்தை மட்டும் கணினிக்குக் காட்டுவது. முழுமையான தீர்வு இல்லை. புதிதாகப் பழக்க வேண்டும் என்றால் மாதங்கள் ஆகும். எங்களுக்கு இருந்தது சில நாட்கள். மாலைத் தேநீர் ஆறுவதற்குள் அவன் திருத்தத்தை அனுப்பிவிட்டான்.

முல்லைத்தீவுக்குப் போகும் வழியில் ஒரு சோதனைச் சாவடியில் வேனை நிறுத்தினார்கள். இளம் சிப்பாய் ஒருவன் உள்ளே எட்டிப் பார்த்துச் சமிந்தவிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டான். வாசுகியும் சேர்ந்துகொள்ள நீளமாகவே பேசிக்கொண்டார்கள். கதவு மூடியதும் என்னவென்று கேட்டேன். வாசுகி மொழிபெயர்த்தார். "இது என்ன வண்டி எண்டு கேட்டவன். நெஞ்சைப் படம் எடுக்கிற வண்டி எண்டு சமிந்த சொன்னவர். தனக்கும் மூண்டு வாரமா இருமல், வந்தா எடுப்பீங்களோ எண்டு கேக்கிறான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வரிசையில வந்து நிக்கச் சொன்னன்."

அவன் வரவில்லை.

முல்லைத்தீவில் காலை உணவு இடியப்பமும் சொதியும். காகங்கள் மேசைக்கு மேசை வந்து நம்மைவிட உரிமையோடு நிற்கின்றன. கடல் மிக அருகில் இருந்தும் தெருவிலிருந்து தெரிவதில்லை. அதன் ஓசையும் கருவாட்டு வாசனையும்தான் வருகின்றன. வேனை ஒரு பாடசாலை வளாகத்தில் நிறுத்தினோம். கடலோடிகளும் கூலி வேலைக்காரர்களும் மோட்டார் சைக்கிள்களில் வந்து இறங்கினார்கள்.

பத்துமணி வாக்கில் ஒரு பெண் ஓர் ஆணைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்தார். அவர் இருமிக்கொண்டே வந்தார். சிரித்துக்கொண்டும் வந்தார்.

"எனக்கு ஒண்டுமில்லை டொக்டர். இவா விடுறாவில்லை," என்றார். "எனக்குப் பீஸ் இருக்கு. அதுதான் இருமல். எல்லா டொக்டர்மாரும் சொன்னவை. பிறகேன் வீணா ஒரு படம்?"

அவர் பெயர் யோகராசா. கூட்டிவந்தவர் அவருடைய அண்ணன் சிவராசாவின் மனைவி தவமணி. நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண், முகத்தில் எலும்பு தெரியும் அளவுக்கு மெலிவு. இவர்களின் பெற்றோர் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். சொந்தக் காணி சிறியது. மழைக்காலத்தில் பிறத்தியாரின் வயலில் வேலை. மற்றக் காலத்தில் நாயாற்றுக் கடற்கரையில் ஒரு மீன்வாடியில், அதாவது மீனவர் தங்கும் கொட்டகையில், வலை இழுப்பு. தவமணி அதே வாடியில் சமைத்துப் போடுகிறார்.

"வெயிட் குறைஞ்சுகொண்டு போறார் டொக்டர்," என்றார் தவமணி. "பின்னேரம் ஆனா உடம்பு கொதிக்குது. சேட்டு முழுக்க வேர்வை. கேட்டா பீஸ் எண்டுறார்."

படம் எடுத்தோம். இடது விலாவின் அடியில் ஒரு துண்டு, சுண்டுவிரல் நகம் அளவு. மென்பொருள் அதை மறைத்தது. மறைத்த பிறகும் சிவப்பு இருந்தது. துண்டுக்குப் பக்கத்தில் இல்லை. வெகு மேலே, கழுத்தெலும்புக்குக் கீழே.

இந்தத் திருத்தம் இல்லாதிருந்தால் அவருடைய நெஞ்சு முழுவதும் சிவப்பாகி, இதுவும் இரும்பு செய்த வேலைதான் என்று மற்ற இரும்புக்காரர்களோடு சேர்த்து அவரையும் சளி வாங்காமலே ஒதுக்கியிருப்போம். வாசுகி திரையோடு முகத்தை வைத்துப் பார்த்தார். விரலால் அந்த இடத்தைத் தொட்டார்.

"இது பீஸ் செய்யிற வேலை இல்லை," என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். பிறகு யோகராசாவிடம் திரும்பி, "சளி எடுத்துத் தாங்கோ அண்ணை. நாளைக்கு முடிவு வரும்," என்றார்.

வந்தது. காசநோய்.

தொலைபேசியில் சொல்லக்கூடாத செய்தி என்று வாசுகி நினைத்தார். வீட்டில், வாடியில் யார் யார் கூட இருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். வேனை எடுத்துக்கொண்டு நாயாற்றுக்குப் போனோம். ஒரு பக்கம் உப்பங்கழி, மறுபக்கம் கடல், நடுவே மெலிந்த மணல் திட்டு. பனையோலையும் தகரமும் வைத்த வாடிகள். பாலத்தைத் தாண்டிச் சற்று தூரத்திலேயே சமிந்த வேனை மணலில் இறக்கிவிட்டார். சக்கரம் சுழலச் சுழல உள்ளே போனது. எக்ஸ்ரே கருவியின் பாரம் வேறு. சமிந்த இறங்கி, சக்கரத்தைப் பார்த்து, சிங்களத்தில் ஒரு வார்த்தை சொன்னார். அதை வாசுகி மொழிபெயர்க்கவில்லை.

வாடியிலிருந்து ஆட்கள் ஓடிவந்து தள்ளினார்கள். தள்ளியவர்களில் யோகராசாவும் ஒருவர். இருமல் வந்து பாதியில் குனிந்து நின்றார். "விடுங்கோ அண்ணை, நீங்கள் தள்ளாதீங்கோ," என்று வாசுகி கத்தியதும் அவர் நிமிர்ந்து பார்த்தார். முடிவு என்னவென்று அப்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

வாடிக்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை உட்காரவைத்தார்கள். தவமணி பின்னால் சமையலறையில் சோற்றுப் பானையை இறக்கிக்கொண்டிருந்தார். வாசுகி வாய்க்கவசம் ஒன்றை யோகராசாவிடம் கொடுத்துவிட்டு, மறைக்காமல் சொன்னார்.

"அண்ணை, உங்களுக்குக் காசநோய் இருக்கு. பயப்பிடத் தேவையில்லை. ஆறு மாசம் மருந்துக் குளிசை எடுக்க வேணும். ஒரு நாளும் விடக்கூடாது. முழுக்கச் சுகமாகும்."

"பீஸ் இல்லையோ?"

"பீஸ் இருக்கு. அது சும்மா கிடக்குது. இருமல் அதால இல்லை."

யோகராசா வாய்க்கவசத்தைப் போட்டுக்கொண்டார். பிறகு, "அண்ணருக்கும் இதேதானே," என்றார்.

"என்ன?"

"அண்ணருக்கும் இதே இருமல். இதே பின்னேரக் காய்ச்சல். அண்டைக்கு ஒரே செல்லிலதான் ரெண்டு பேருக்கும் பட்டது. அவருக்கு நெஞ்சில கொஞ்சம் பெரிய பீஸ். ஒரு டொக்டரிட்டக் காட்டினனாங்கள். பீஸ் அசைஞ்சிட்டுது, எடுக்கேலாது எண்டவர். போன மாரிக்கு வாயால ரத்தம் வந்து, இதே இடத்திலதான்..."

அவர் நிறுத்திவிட்டார். சமையலறை வாசலில் தவமணி நின்றுகொண்டிருந்தார். கையில் அகப்பை.

"அப்ப அவருக்கும் இந்த வருத்தமோ, டொக்டர்?"

வாசுகி எழுந்தார். "பார்க்காமல் சொல்லேலாது அக்கா. சில வேளை இருக்கலாம், சில வேளை..."

"பார்க்கலாம்," என்றார் தவமணி. "படம் வீட்டில இருக்கு. நாளைக்குக் கொண்டாறன்."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு எங்களுக்குச் சோறு போட்டார். மீன் குழம்பு. நான் மரக்கறி என்பதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குழம்பை ஒதுக்கிச் சோற்றை மட்டும் சாப்பிட்டேன். யோகராசா தன் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வெகுதூரம் போய் உட்கார்ந்தார். அப்படி விலகி உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

 தங்குமிடத்தில் இறங்கும்போது வாசுகி சொன்னார்.

"அந்தப் படத்தை வாங்க வேண்டாம் எண்டு நினைக்கிறன்."

"ஏன்?"

"பார்த்து என்ன செய்யிறது? அந்த மனிசனுக்குக் குளிசை குடுக்கலாமோ?"

"அவங்க கேட்டுட்டாங்க, வாசுகி. நாம பார்க்க மாட்டோம்னு சொன்னா, அதுவே பதில் ஆகிடாதா?"

அவர் வேன் கதவைப் பிடித்தபடி நின்றார். "நானும் இஞ்ச எத்தினையோ பேருக்குப் பீஸ்தான் எண்டு சொல்லியிருக்கிறன். படம் பார்த்துத்தான் சொன்னனான். இரும்பு தெரிஞ்சா, கண் அதிலயே நிண்டிடும். வேற இடத்தைப் பார்க்காது." பிறகு உள்ளே போய்விட்டார்.

எங்கள் கணினி செய்ததும் அதையேதான். அதைத் திருத்துவது சுலபமாக இருந்தது.

மறுநாள் நாயாற்றுக்கு இந்தப் பக்கம், தார்ச்சாலை ஓரத்தில் ஒரு சிறிய பாடசாலையின் முன்னால் வேனை நிறுத்தினோம். மணலில் இறங்க மாட்டேன் என்று சமிந்த உறுதியாகச் சொல்லிவிட்டார். நாங்கள் கருவியை இயக்குவதற்கு முன்பே தவமணி வந்து மரத்தடியில் நின்றிருந்தார். குளித்து, நல்ல சேலை உடுத்தி வந்திருந்தார். கையில் துணிக்கடைப் பை. அதற்குள் இன்னொரு பை. அதற்குள் படம்.

சிவராசாவின் நெஞ்சு. ஓரங்கள் வளைந்து, ஒரு மூலையில் பூஞ்சை பூத்திருந்தது.

"கவனமாப் பிடியுங்கோ தங்கச்சி," என்றார் என்னிடம். "கலியாணப் படம் எல்லாம் இடப்பெயர்வில துலைஞ்சு போட்டுது. அவற்ற எண்டு இருக்கிறது இதுதான்."

வாசுகி அதை வாங்கி வானத்தை நோக்கிப் பிடித்தார். வலது நெஞ்சின் நடுவில் பெரிய வெள்ளைத் துண்டு, முறுக்கிய ஆணியைப் போல. யார் கண்ணும் அங்கேதான் போகும். வாசுகியின் கண் மேலே போனது. அங்கேயே நின்றது. அவர் கையை இறக்கவே இல்லை.

"மெஷினிலயும் போடுங்கோ," என்றார் தவமணி. "தம்பிக்குப் போட்ட மாதிரி."

பழைய பிலிமைப் போட எங்கள் வேனில் வசதி இல்லை. ஒரு மடிக்கணினியின் திரையை வெறும் வெள்ளையாக்கி, அதன் மேல் படத்தை வைத்துக் கைபேசியால் படம் பிடித்தேன். வெளிச்சம் பட்டு முதல் தடவை சரியாக வரவில்லை. இரண்டாவது தடவை எடுத்ததை மற்றக் கணினியில் போட்டேன். மென்பொருள் முதலில் இரும்பை மறைத்தது. திரையில் அந்த இடம் கறுப்புக் கட்டமானது. சில நொடிகளில் இரண்டு நுரையீரல்களின் மேல்பகுதியும் சிவந்தன. இடது பக்கச் சிவப்பின் நடுவே வட்டமாக ஒன்று தெரிந்தது. நோய் அரித்து உண்டாக்கிய குழி.

தவமணி திரையைப் பார்த்தார். தம்பியின் படத்தை ஏற்கெனவே பார்த்தவர். சிவப்பு என்றால் என்ன என்று அவருக்கு விளக்கத் தேவையிருக்கவில்லை.

"பொய் சொல்லாதீங்கோ டொக்டர். அவர் அந்தக் குளிசையைக் குடிச்சிருந்தா இருந்திருப்பாரோ?"

"இருந்திருக்கலாம் அக்கா."

"லாம் எண்டு சொல்லாதீங்கோ."

 சமிந்தவுக்குப் பேச்சு முழுவதும் விளங்கியிருக்காது. ஆனாலும் அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இருந்திருப்பார்," என்றார் வாசுகி.

தவமணி தலையசைத்தார். அழவில்லை. படத்தை என்னிடமிருந்து வாங்கி முதல் பைக்குள் வைத்தார். பிறகு இரண்டாவது பைக்குள். பையின் காதுகளை முடிந்தார். அவிழ்த்து மறுபடி முடிந்தார்.

"ஒவ்வொரு நாளும் விளக்கு வைக்கேக்க, செல்லடிச்சவங்களைத் திட்டிப்போட்டுத்தான் சாமியைக் கும்பிடுறனான்," என்றார். "ஒரு நாளும் விடேல்ல. அவரைச் சாகடிச்சது அவங்கள்தான் எண்டு. இனி நான் ஆரைத் திட்டுறது?"

  தவமணி பதிலுக்காக நிற்கவில்லை. வேனிலிருந்து இறங்கி நாயாற்றுப் பக்கம் விறுவிறுவென்று நடந்தார். போகட்டும், தனியாக இருக்க நினைக்கிறார் போலும் என்று விட்டுவிட்டோம். வரிசையில் நின்றவர்களைப் படமெடுக்கத் தொடங்கினோம். நான் இரண்டு தடவை ஒருவருடைய பெயரை இன்னொருவர் படத்துக்குப் போட்டுவிட்டுத் திருத்தினேன்.

நண்பகலுக்குச் சற்று முன் ஒரு உழவு இயந்திரம் இழுவைப்பெட்டியோடு வந்து நின்றது. பெட்டி நிறைய ஆட்கள். தவமணி முன்னால், இயந்திரக்காரரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இறங்கியதும், "எல்லாரும் இறங்குங்கோ, வரிசையில நில்லுங்கோ!" என்று குரல் கொடுத்தார். வாடியில் சிவராசாவோடு வலை இழுத்தவர்கள், அவரோடு ஒரே கூரையின் கீழ் படுத்தவர்கள், ஒரே குவளையில் தேத்தண்ணீர் குடித்தவர்கள். கடலுக்குப் போகவிருந்தவர்களைக்கூட விடவில்லை. ஒருவர் முணுமுணுத்தார்: "எங்களுக்கு என்ன வருத்தம்? பீஸ் இருக்கிறவைக்குத்தானே?"

"பீஸ் கதை இனி ஒருத்தரும் கதைக்கக்கூடாது," என்றார் தவமணி. அந்த ஆள் பேசாமல் வரிசையில் போய் நின்றார்.

மாலை வரை எடுத்தோம். வாடிக்காரர்களில் இரண்டு பேரின் படங்கள் சிவந்தன. ஒருவருக்கு இரும்பு இருந்தது, மற்றவருக்கு இல்லை. இரும்பில்லாதவன் கலியாணம் நிச்சயமான இளைஞன். சளிக் குப்பியைக் கையில் வாங்கியபோது அவன் முகம் வெளிறிப்போனது. தவமணி அவனுக்குப் பக்கத்தில் போய் நின்று ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. அவன் தலையை ஆட்டினான்.

எல்லோரும் முடிந்த பிறகு வாசுகி அவரைக் கூப்பிட்டார். "நீங்களும் வாங்கோ அக்கா."

"நான் என்னத்துக்கு? எனக்கு இருமல் இல்லை."

"அவரோட கன காலம் இருந்தனீங்கள். வாங்கோ."

அவர் ஏறினார். பையை என் மடியில் வைத்துவிட்டு, நெஞ்சை எக்ஸ்ரே தட்டோடு அணைத்து நின்றார். சமிந்த அவரது தோள்களை மெல்ல முன்னால் சரித்துவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில், "மூச்சு எடுங்க... பிடிங்க," என்றார். கருவி ஒருமுறை முனகி அடங்கியது.

"விடுங்க," என்றார் சமிந்த.

தவமணி விடவில்லை. தட்டை இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"விடுங்க அம்மா."

"மூச்சை விடுங்கோ அக்கா," என்றார் வாசுகி.

விட்டார். முதலில் அது மூச்சாகத்தான் வந்தது. பிறகு அது வேறொன்றாக மாறியது. வெளியே மரத்தடியில் பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினார்கள். யோகராசா மட்டும் வாய்க்கவசத்தோடு வேனின் அருகே வந்து, உள்ளே வராமல், வெளிப்புறத் தகரத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றார். வாசுகி தவமணியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

திரையில் அவருடைய படம் வந்திருந்தது. இரும்பு இல்லை. சிவப்பு இல்லை. அந்த வாரம் முழுவதும் நான் பார்த்த நெஞ்சுகளில் இவ்வளவு சுத்தமானது இன்னொன்று இல்லை. அதை யார் அவரிடம் சொல்வது என்று நானும் வாசுகியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

நான்தான் சொன்னேன். "உங்களுக்கு ஒன்னுமில்லக்கா. ரொம்ப நல்லா இருக்கு."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். திரையருகே வந்து குனிந்து, தன் நெஞ்சை ஒரு பிறத்தியாருடையதைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"ஒண்டுமே இல்லையோ?" என்றார். "அவரும் நானும் ஒரே பாயிலதானே தங்கச்சி படுத்தனாங்கள்."